பெற்றோர் பங்கேற்பு (பள்ளிக் கல்வி)

பள்ளிக் கல்வியில் பெற்றோர் பங்கேற்பு என்பது, பிள்ளைகளின் கற்றலுக்கும் உடல், உள்ள நலத்துக்கும் துணையாகப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் வீட்டிலும் பள்ளியிலும் ஆற்றும் பணிகளைக் குறிக்கும். பாடம் சொல்லிக் கொடுப்பது இதன் ஒரு சிறு பகுதி மட்டுமே. பிள்ளையை நாள்தோறும் நேரத்துக்குப் பள்ளிக்கு அனுப்புதல், போதிய உணவும் உறக்கமும் கிடைக்கச் செய்தல், பள்ளியில் நடந்ததைக் கேட்டறிதல், ஆசிரியரைச் சந்தித்தல், பள்ளி மேலாண்மைக் குழுவில் பங்கெடுத்தல் ஆகியனவும் இதில் அடங்கும். இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பெற்றோர் படித்திருக்க வேண்டிய தேவை இல்லை. எனவே, தென்காசி மாவட்டத்தின் சங்கரன்கோவிலைப் போன்று உழைக்கும் குடும்பங்கள் மிகுந்த ஊர்களில் இத்துறை தனி முக்கியத்துவம் பெறுகிறது.

வகைகள்

அமெரிக்கச் சமூகவியலாளர் சாய்சு எப்சுடீன் 1995 ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் பெற்றோர் பங்கேற்பை ஆறு வகைகளாகப் பிரித்தார். அவை பின்வருமாறு:

1. பிள்ளை வளர்ப்பு: படிப்புக்கு ஏற்ற வீட்டுச் சூழலை அமைத்தல்.
2. தொடர்பு: பள்ளியும் வீடும் ஒன்றுக்கொன்று செய்தி அறிவித்தல்.
3. தொண்டு: பள்ளிப் பணிகளில் பெற்றோர் உதவுதல்.
4. வீட்டில் கற்றல்: வீட்டுப்பாடத்துக்கும் வாசிப்புக்கும் துணை நிற்றல்.
5. முடிவெடுத்தல்: பள்ளி நிருவாகக் குழுக்களில் இடம்பெறுதல்.
6. சமூகக் கூட்டுறவு: ஊரின் வளங்களைப் பள்ளிக்குப் பயன்படுத்துதல்.

தமிழ்நாட்டில் ஐந்தாம், ஆறாம் வகைகள் எப்சுடீனின் பகுப்புக்கு நெடுங்காலம் முன்பே வழக்கில் இருந்தன.

வரலாறு

விருதுநகரில் 1889 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சத்திரிய வித்தியாசாலை, வீடுதோறும் ஒரு பிடி அரிசி ஒதுக்கித் திரட்டப்பட்ட பொருளால் வளர்ந்த பள்ளி ஆகும். சமைக்கும் முன் ஒரு பிடியைத் தனிப் பானையில் இடும் இம்முறை 'பிடி அரிசி' எனப்பட்டது. பின்னாளில் முதலமைச்சரான கு. காமராசர் இப்பள்ளியில் பயின்றார்.

காமராசர் ஆட்சிக் காலத்தில் பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலுவின் முயற்சியால், 1958 ஆம் ஆண்டு முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தப்பட்டன. ஊர் மக்கள் தங்கள் பள்ளிக்குத் தேவையானவற்றைப் பட்டியலிட்டு, கட்டடம், இருக்கை, கரும்பலகை, சீருடை முதலியவற்றை நன்கொடையாக அளித்தனர். மதிய உணவுத் திட்டமும் தொடக்கத்தில் ஊர் மக்களின் பங்களிப்பை நம்பியே நடந்தது. இத்திட்டம் 1956 ஆம் ஆண்டு எட்டயபுரத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. எட்டயபுரமும் சங்கரன்கோவிலும் அந்நாளில் ஒரே திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன.

பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் பின்னர் பள்ளிதோறும் அமைக்கப்பட்டன. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கான வினா வங்கி நூல்களை வெளியிட்டதன் மூலம் மாநிலப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் பெயர் மாணவரிடையே நன்கு அறிமுகமாயிற்று. 1990களில் அறிவொளி இயக்கம் எழுத்தறியாத பெரியோருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, எழுத்தறிவித்தது. தன் பெயரை எழுதக் கற்ற தாய் பிள்ளையின் படிப்பிலும் அக்கறை கொள்வார் என்ற எண்ணம் இவ்வியக்கத்தில் இருந்தது.

2002 ஆம் ஆண்டின் 86 ஆவது அரசியலமைப்புத் திருத்தம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதே திருத்தம், அவ்வயதுப் பிள்ளைகளுக்குக் கல்வி வாய்ப்பு அளிப்பதைப் பெற்றோரின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாகவும் சேர்த்தது. இதனையொட்டிய கல்வி உரிமைச் சட்டம் 2009 ஆம் ஆண்டு நிறைவேறி, 2010 ஏப்பிரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

சங்கரன்கோவில் வட்டாரச் சூழல்

சங்கரநாராயணர் கோயிலாலும் ஆடித்தபசு விழாவாலும் அறியப்படும் சங்கரன்கோவில், விசைத்தறி நெசவுத் தொழில் மிகுந்த நகரம் ஆகும். 2019 நவம்பர் 22 அன்று தென்காசி மாவட்டம் உருவாகும் வரை இது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. நகரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் மானாவாரி வேளாண்மையும், பூச் சாகுபடியும், பெண்கள் வீட்டிலிருந்தே செய்யும் பீடி சுற்றும் தொழிலும் உள்ளன.

இத்தொழில்கள் பிள்ளைகளின் படிப்பைப் பல வகைகளில் பாதிக்கின்றன. தறி ஓடும் வீட்டிலோ அதை ஒட்டிய வீட்டிலோ ஓசை ஓயாது. இரவு முறை வேலைக்குச் செல்லும் தந்தை, பிள்ளை பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் உறங்கிக்கொண்டிருப்பார். பீடி சுற்றும் தாய்க்கு நாளின் எண்ணிக்கையை முடித்தால்தான் கூலி. கூலி உயர்வுக்கான வேலைநிறுத்தத்தாலோ நூல் விலை ஏற்றத்தாலோ தறிகள் நிற்கும்போது பள்ளிச் செலவும் முட்டுப்படுகிறது. ஆசிரியரைச் சந்திக்கப் பள்ளிக்குச் செல்வது என்பது பலருக்கு அரை நாள் கூலியை இழப்பதாகும். ஆகவே, பள்ளிக்கு வராத பெற்றோரை அக்கறையற்றவர் என்று முடிவு கட்டுவது பொருந்தாது.

இவ்வட்டாரத்துக்கு அண்மையிலுள்ள சிவகாசி, கோவில்பட்டிப் பகுதிகளின் தீப்பெட்டித் தொழிலில் பிள்ளைகள் பெருமளவில் வேலை செய்த காலம் ஒன்று இருந்தது. இது தொடர்பாக எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 திசம்பர் 10 அன்று தீர்ப்பளித்தது. 14 வயதுக்கு உட்பட்டோரை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது என 2016 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் தடை விதித்தது. எனினும், பள்ளி நேரத்துக்குப் பின்னரும் விடுமுறையிலும் இடர் இல்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்ற விலக்கு அத்திருத்தத்தில் உண்டு. வீடே தொழிற்கூடமாக உள்ள ஊர்களில் இவ்விலக்கின் எல்லையைக் காப்பது பெரிதும் பெற்றோர் கையிலேயே உள்ளது. மாலையில் சிறிது நேரம் எனத் தொடங்கும் உதவி நள்ளிரவு வரை நீண்டால், மறுநாள் வகுப்பில் பிள்ளை தூங்கி வழியும்.

வீட்டில் பெற்றோர் செய்யக்கூடியவை

வருகை

தொடர்ச்சியான வருகை கற்றலின் அடிப்படையாகும். கணக்குப் போன்ற பாடங்களில் ஒவ்வொரு பகுதியும் முந்தைய பகுதியின் மேல் கட்டப்படுவதால், ஒரு வாரம் விடுபட்ட பிள்ளை அடுத்த வாரப் பாடத்தையும் புரிந்துகொள்ளத் தடுமாறும். கோயில் கொடை, திருமணம், காதுகுத்து போன்றவற்றுக்குப் பிள்ளைகளை எடுக்கும் விடுப்பைக் குறைத்துக்கொள்வதும், விடுபட்ட பாடத்தை உடன் பயிலும் பிள்ளையிடம் கேட்டு எழுதச் செய்வதும் எளிய வழிகள் ஆகும். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பெண் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ளும் வழக்கம் அப்பிள்ளையின் படிப்பை மெல்ல மெல்ல அறுத்துவிடும்.

உணவும் உறக்கமும்

அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016 ஆம் ஆண்டு அளித்த பரிந்துரைப்படி, 6 முதல் 12 வயது வரையுள்ளோருக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரையுள்ளோருக்கு 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் தேவை. தறி ஓசை உள்ள வீடுகளில் பிள்ளை உறங்குவதற்கு ஓசை குறைந்த இடத்தை, அது தாத்தா பாட்டி வீடாயினும், ஏற்பாடு செய்வது பயன் தரும்.

வேலைக்கு விரையும் பெற்றோரின் பிள்ளைகள் காலை உணவின்றிப் பள்ளிக்கு வருவது நெடுங்காலமாக இருந்த சிக்கல் ஆகும். இதற்குத் தீர்வாக முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்டது. 2023 ஆகத்து 25 முதல் இது அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவாக்கப்பட்டது. பின்னர் 2024 இல் ஊரகப் பகுதிகளிலும், 2025 இல் நகர்ப்புறங்களிலும் உள்ள அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. பிள்ளை பள்ளியில் உண்கிறதா, உணவின் தரம் எவ்வாறுள்ளது என்பனவற்றை வினவிச் சென்று பார்ப்பதும் பெற்றோர் பங்கேற்பே ஆகும்.

பேச்சும் வாசிப்பும்

எழுத்தறியாத பெற்றோரும் பிள்ளையின் மொழித்திறனை வளர்க்க இயலும். கதை சொல்லுதல், விடுகதை போடுதல், பழமொழிக்குப் பொருள் கேட்டல், அன்று படித்த பாடத்தை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டல் ஆகியன இவ்வகையின. பிள்ளை படிப்பதைத் தாய் அருகில் அமர்ந்து கேட்கும்போது, பீடி சுற்றும் கைகள் நிற்க வேண்டியதில்லை. "அப்புறம் என்ன ஆச்சு?" என்ற ஒரு கேள்வியே பிள்ளையைப் படித்ததைத் தொகுத்துச் சொல்லத் தூண்டும்.

கணக்கும் அன்றாட வாழ்வில் உள்ளது. சந்தையில் பூவின் எடைக்கு விலை பார்த்தல், நெய்த துணியின் நீளத்துக்குக் கூலி கணக்கிடுதல், பேருந்துக்கு எஞ்சியுள்ள நேரத்தைச் சொல்லுதல் போன்றவற்றில் பிள்ளையை ஈடுபடுத்தலாம். இவை பாடநூலின் பெருக்கலையும் வகுத்தலையும் பொருள் உள்ளவையாக்கும்.

வீட்டுப்பாடம்

வீட்டுப்பாடத்தைப் பெற்றோர் செய்து கொடுத்தல் தீங்கானது. நாள்தோறும் ஒரே நேரம், ஒரே இடம், அந்த நேரத்தில் தொலைக்காட்சி நிறுத்தம் என்ற ஒழுங்கே பெற்றோர் அளிக்கக்கூடிய பெரிய உதவியாகும். பிள்ளைக்குப் புரியாத கணக்கைக் குறித்து வைத்து மறுநாள் ஆசிரியரிடம் கேட்கச் சொல்வது, அதை வேறொருவர் போட்டுத் தர எழுதிச் செல்வதைவிடச் சிறந்தது. எது புரியவில்லை என்பது அப்போதுதான் ஆசிரியருக்குத் தெரியவரும்.

பாராட்டும் ஒப்பீடும்

கிளாடியா முல்லர், கரோல் டுவெக் ஆகிய உளவியலாளர்கள் 1998 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், அறிவாளி எனப் பாராட்டப்பட்ட பிள்ளைகள் ஒரு தோல்விக்குப் பின் விரைவில் ஊக்கம் இழந்தனர். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்களோ தொடர்ந்து முயன்றனர். பக்கத்து வீட்டுப் பிள்ளையுடன் ஒப்பிட்டுப் பேசுவது தமிழ்நாட்டு வீடுகளில் பரவலாக உள்ள பழக்கம். பிள்ளையின் சென்ற மாத நிலையுடன் இம்மாத நிலையை ஒப்பிடுவதே பயனுள்ள ஒப்பீடாகும்.

பள்ளியுடன் தொடர்பு

மதிப்பெண் அட்டையில் கையொப்பமிடுவதுடன் பல பெற்றோரின் தொடர்பு முடிந்துவிடுகிறது. கைநாட்டு வைக்கும் பெற்றோர் சிலர் ஆசிரியரிடம் பேசக் கூச்சப்படுவதும் உண்டு. ஆசிரியரைச் சந்திக்கும்போது பின்வரும் கேள்விகள் உதவும்:

* பிள்ளை தன் வகுப்புக்குரிய தமிழ்ப் பாடத்தைத் தடையின்றிப் படிக்கிறதா?
* எந்தக் கணக்கு வகையில் தடுமாறுகிறது?
* வகுப்பில் கேள்வி கேட்கிறதா, ஒதுங்கி இருக்கிறதா?
* யாருடன் பழகுகிறது? இடைவேளையில் தனித்து நிற்கிறதா?
* கரும்பலகையில் எழுதியதைச் சரியாகப் பார்த்து எழுதுகிறதா?

கடைசிக் கேள்வி பெரிதும் கவனிக்கப்படாதது. பார்வைக் குறைபாட்டால் பின்தங்கும் பிள்ளை, படிப்பில் மந்தம் எனத் தவறாகக் கருதப்படுவதுண்டு. 2013 ஆம் ஆண்டு தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மருத்துவக் குழுக்கள் பள்ளிகளுக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கின்றன. அப்பரிசோதனையில் கூறப்பட்டதைக் கேட்டறிந்து மேல் சிகிச்சைக்கு அழைத்துச் செல்வது பெற்றோர் பொறுப்பு ஆகும்.

வீட்டில் நேர்ந்த இறப்பு, நோய், தொழில் முடக்கம், இடம்பெயர்வு ஆகியவற்றை ஆசிரியரிடம் தெரிவிப்பதும் இன்றியமையாதது. காரணம் அறியாத ஆசிரியர், பிள்ளையின் சோர்வைச் சோம்பலாகக் கருதக்கூடும்.

பள்ளி மேலாண்மைக் குழு

கல்வி உரிமைச் சட்டத்தின் 21 ஆவது பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவை அமைக்க வேண்டும் என்கிறது. அரசு நிதியுதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இது பொருந்தாது. குழுவின் முக்கியக் கூறுகள் பின்வருமாறு:

* உறுப்பினர்களுள் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலராக இருக்க வேண்டும்.
* நலிந்த பிரிவுகளைச் சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்களின் விகிதத்துக்கேற்ப இடம் அளிக்க வேண்டும்.
* உறுப்பினர்களுள் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும்.
* பள்ளியின் செயற்பாட்டைக் கண்காணித்தல், பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரித்தல், நிதியின் பயன்பாட்டை மேற்பார்த்தல் ஆகியன குழுவின் பணிகள்.

2012 ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி, சிறுபான்மையினர் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பிற பள்ளிகளிலும் இக்குழு ஆலோசனை கூறும் அமைப்பாக மட்டுமே செயற்படும். உதவி பெறும் பள்ளிகள் மிகுந்த பழைய திருநெல்வேலி மாவட்டப் பகுதிகளில் இவ்வேறுபாட்டைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம்.

பல ஆண்டுகள் இக்குழுக்கள் பல இடங்களில் பெயரளவிலேயே இருந்தன. தமிழ்நாடு அரசு 2022 ஆம் ஆண்டு அரசுப் பள்ளிகளில் இவற்றை மறுகட்டமைத்தது. இதன் பொருட்டு அவ்வாண்டு மார்ச்சு 20 அன்று மாநிலம் முழுவதும் பெற்றோர் கூட்டங்கள் நடத்தப்பட்டன. குழுக்களில் 20 உறுப்பினர்கள் இடம்பெற்றனர். பெற்றோர் ஒருவரே தலைவரானார். 2024 ஆம் ஆண்டு நடந்த அடுத்த மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் அளிக்கப்பட்டது.

குடிநீர், கழிப்பறை, சுற்றுச்சுவர், ஆசிரியர் பணியிடம், இடைநின்ற பிள்ளைகள் ஆகியன கூட்டங்களில் வழக்கமாக எழுப்பப்படுவன. தனி ஒரு பெற்றோர் கேட்டால் குறையாகக் கொள்ளப்படும் செய்தி, குழுவின் தீர்மானமாக எழுதப்பட்டால் பதில் கூற வேண்டிய ஆவணமாகிறது. தீர்மானத்தை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பின்னரே கையொப்பமோ கைநாட்டோ இடுவது எழுத்தறியா உறுப்பினருக்கும் உரிய உரிமையாகும்.

பிள்ளைகளின் மன நலமும் பாதுகாப்பும்

பள்ளிக்குச் செல்ல மறுத்தல், காரணமற்ற வயிற்று வலி, உறக்கக் குறைவு, திடீர்ப் பேச்சுக் குறைவு, பொருள்கள் காணாமற் போதல் முதலியன பிள்ளை ஏதோ இன்னலில் இருப்பதைக் காட்டும் அறிகுறிகளாக இருக்கலாம். இத்தகைய நேரத்தில் அடிப்பதும் மிரட்டுவதும் பிள்ளையின் வாயை மேலும் அடைக்கும். குறுக்கிடாமல் கேட்பதும், சொன்னதற்காகத் தண்டிக்கப்பட மாட்டாய் என உறுதியளிப்பதும் முதற்படிகள் ஆகும்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 17 ஆவது பிரிவு, உடல் தண்டனையையும் மன வதையையும் தடை செய்கிறது. "கண்ணை மட்டும் விட்டுவிட்டு அடியுங்கள்" என்று ஆசிரியரிடம் ஒப்படைக்கும் பழைய வழக்கு இன்று சட்டத்துக்கும் பிள்ளை நலத்துக்கும் முரணானது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2012 ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. சாதி காட்டி இழிவுபடுத்துதல், கேலி, ஒதுக்கி வைத்தல் ஆகியவற்றையும் பிள்ளை பெற்றோரிடம் கூறத் தயங்கக்கூடும். இடர்ப்பாட்டில் உள்ள பிள்ளைகளுக்கு 1098, கல்வி தொடர்பான ஐயங்களுக்கு 14417, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய இலவசத் தொலைபேசி எண்கள் உள்ளன.

தேர்வுக் காலம் தனிக் கவனம் வேண்டுவது. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வுகளில் மாநில அளவிலான தர வரிசை வெளியிடும் முறையைத் தமிழ்நாடு அரசு 2017 ஆம் ஆண்டு கைவிட்டது. தேர்ச்சி பெறாதவர்களுக்கு முடிவு வெளியான சில வாரங்களில் துணைத் தேர்வு நடத்தப்படுவதால், ஆண்டு முழுதும் வீணாவதில்லை. இச்செய்தியை முடிவு வெளியாகும் நாளுக்கு முன்பே பிள்ளையிடம் சொல்லி வைப்பது ஓர் உயிரைக் காக்கக்கூடிய செயலாகும். அந்நாளில் பிள்ளையைத் தனியே விடாதிருப்பதும் அத்தகையதே.

எழுத்துகளை மாற்றி எழுதுதல், நன்கு பேசும் பிள்ளைக்கு வாசிக்க வராமை போன்றவை கற்றல் குறைபாட்டின் அடையாளமாக இருக்கக்கூடும். 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. முறையான மருத்துவச் சான்று பெற்றால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் உதவி போன்ற சலுகைகள் கிடைக்கும்.

ஆய்வுகளும் மாற்றுக் கருத்துகளும்

ஏழைப் பெற்றோர் கல்வியில் ஆர்வமற்றவர் என்ற கருத்தை 1999 ஆம் ஆண்டு வெளியான 'புரோப்' அறிக்கை மறுத்தது. வட இந்திய மாநிலங்களில் நடத்தப்பட்ட அக்கள ஆய்வு, பெரும்பாலான பெற்றோர் பிள்ளைகளைப் படிக்க வைக்க விரும்புவதையும், பள்ளிகளின் நிலையே பெருந்தடையாக இருப்பதையும் காட்டியது. இங்கிலாந்தில் சார்லசு டெசுபோர்சு 2003 ஆம் ஆண்டு அளித்த அறிக்கை, தொடக்க வகுப்புப் பருவத்தில் வீட்டில் பெற்றோர் காட்டும் ஈடுபாடு, பள்ளிகளின் தர வேறுபாட்டைவிட மிகுந்த விளைவை ஏற்படுத்துவதாகக் கூறியது.

உத்தரப் பிரதேசத்தின் சவுன்பூர் மாவட்டத்தில் நடந்து 2010 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, குழுக்களைப் பற்றிப் பெற்றோருக்குத் தகவல் தருவதால் மட்டும் அரசுப் பள்ளிகளில் மாற்றம் நிகழவில்லை எனக் கண்டது. ஆனால், ஊர் இளைஞர்கள் தொண்டர்களாக நடத்திய வாசிப்பு வகுப்புகளுக்குச் சென்ற பிள்ளைகள் வாசிப்பில் முன்னேறினர். தமிழ்நாட்டில் பெருந்தொற்றுக் கால முடக்கத்தின் இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டமும் உள்ளூர்த் தன்னார்வலர்களின் மாலை வகுப்புகளையே அடிப்படையாகக் கொண்டது.

பெற்றோர் பங்கேற்பை வலியுறுத்துவதில் இடர்களும் சுட்டப்படுகின்றன. அமெரிக்கச் சமூகவியலாளர் அனெட்டு லாரோ, நடுத்தர வகுப்புப் பெற்றோர் பள்ளியிடம் எளிதில் கேட்டுப் பெறுவதை உழைக்கும் வகுப்பினர் பெற இயலாமையை விளக்கினார். வீட்டில் பங்கேற்பு என்பது பெரும்பாலும் தாயின் வேலையாகவே முடிகிறது என்பதும் ஒரு குறை. ஆசிரியர் பற்றாக்குறை உள்ள பள்ளியில் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாமைக்குப் பெற்றோரைப் பொறுப்பாக்குவது, அரசின் கடமையை வீட்டின் தலையில் ஏற்றுவதாகும். வீடு பள்ளிக்கு மாற்று ஆகாது. பிள்ளையைக் கற்கும் நிலையில் பள்ளிக்கு அனுப்புவதும், அங்கு கற்பிக்கப்படுகிறதா எனக் கேட்பதுமே பெற்றோரின் பங்கு ஆகும்.

இவற்றையும் பார்க்கவும்

* கல்வி உரிமைச் சட்டம், 2009
* காலை உணவுத் திட்டம்
* அறிவொளி இயக்கம்
* இல்லம் தேடிக் கல்வி
* சங்கரன்கோவில்